‘அழுதேன்’, ‘அழுதேனாம்’: தம்பி பிறந்த நாளும் நம் ஞாபகமும்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: தம்பி பிறந்தபோது எனக்கு இரண்டு வயது ஒன்பது மாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதும், அம்மாவின் புறங்கையில் ஊசியைச் செருகி பிளாஸ்திரி ஒட்டியிருந்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. “அந்த வயசுல என்ன ஞாபகம் இருக்கும்? நாங்க சொல்லிக் கேட்டதுதான்” என்று வீட்டில் சிரிக்கிறார்கள். யார் சொல்வது சரி?

உங்கள் பக்கம்தான் கொஞ்சம் கனமாக இருக்கிறது.

ஞாபகத்தை ஆராய்பவர்களுக்குத் தம்பி தங்கை பிறப்பு மிகவும் வசதியான நிகழ்ச்சி. தேதி எழுத்தில் இருக்கும். மூத்த குழந்தையின் வயதை நாள்கணக்கில் சொல்லிவிடலாம். சரிபார்க்க அம்மா இருக்கிறார். 1982-இல் ஷீங்கோல்ட், டென்னி என்ற இருவர் இதை வைத்துத்தான் சோதித்தார்கள். மூன்று வயதுக்கு முன் தம்பி தங்கை பிறந்திருந்தால் அநேகமாக எதுவுமே மிஞ்சுவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். 1993-இல் அஷர், நைஸர் இருவரும் 222 கல்லூரி மாணவர்களைக் கேட்டபோது, இரண்டு வயதில் நடந்ததையும் சிலர் சொன்னார்கள். அதெல்லாம் ஊகமாகவோ வீட்டில் கேட்டதாகவோ இருக்கலாமே என்று ஞாபகத்தை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் மறுத்தார். உங்கள் வீட்டார் சொல்வதும் அதேதான். 1998-இல் ஈக்கட், கிராலி இருவரும் அந்தச் சந்தேகத்தையும் கணக்கில் எடுத்தார்கள். வீட்டார் சொல்லக் கேட்டு மட்டும் அறிந்தவர்கள் தரும் விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஞாபகம் தங்கத் தொடங்கும் எல்லைக்கோடு ஏறக்குறைய இரண்டு வயது நான்கு மாதத்தில் விழுந்தது.

நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால், அந்த வயதில் ஞாபகம் தங்க முடியும் என்பதற்குத்தான் இது சான்று. உங்களுடைய இந்த ஞாபகம் அசல் என்பதற்கு அல்ல. அதற்கு விவரத்தைப் பார்க்க வேண்டும். கட்டில் கால் ஒரு குழந்தையின் கண்மட்டத்தில் இருப்பது. புறங்கைப் பிளாஸ்திரியைப் பற்றிப் பெரியவர்கள் கதை சொல்வது அபூர்வம்; அவர்கள் சொல்வதெல்லாம் எத்தனை மணிக்குப் பிறந்தான், எவ்வளவு எடை, யார் ஜாடை என்பதுதான். யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லாத அற்ப விவரம் என்பதுதான் உங்களுக்கு அனுகூலம்.

கேள்வி: நானே பார்த்தது எது, கேட்டுக் கேட்டு எனதானது எது என்று பிரிக்க வழி உண்டா?

முழுசாக முடியாது, ஓரளவுக்கு முடியும். வரிசை மாறினால் மட்டும் காரியம் கெட்டுவிடும்: முதலில் தாள், பிறகு ஆட்கள், கடைசியில்தான் போட்டோ.

யாரிடமும் கேட்காமல், ஆல்பத்தைத் திறக்காமல், ஒரே உட்காரலில் எழுதுங்கள். அம்மா கிளம்பும்போது எங்கே இருந்தீர்கள்? யாரோடு விட்டுவிட்டுப் போனார்கள்? அன்று இரவு எங்கே படுத்தீர்கள்? பார்க்க அழைத்துப் போனது யார்? குழந்தை முதலில் எங்கே இருந்தது, தொட்டிலிலா, மடியிலா? உங்கள் கையில் என்ன இருந்தது? தெரியாததற்குத் ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அதை இட்டு நிரப்பக் கை துறுதுறுக்கும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

எழுதியதை அடுத்த நாள் எடுத்து, வினைச்சொற்களின் கீழே மட்டும் கோடு போடுங்கள். இந்த வேலைக்குத் தமிழைப் போல் வசதியான மொழி கிடைப்பது அரிது. ‘அழுதேன்’ என்றால் கண்டது. ‘அழுதேனாம்’ என்றால் கேட்டது. ‘அழுதிருப்பேன்’ என்றால் ஊகம். எழுதும்போது கை தானாகவே இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும். இதிலும் ஒரு கோளாறு உண்டு: பத்து வருஷம் திரும்பத் திரும்பச் சொன்னால் அந்த ‘ஆம்’ தேய்ந்து விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு ‘அழுதேன்’ பக்கத்திலும் “இதை எனக்கு யாராவது சொன்னதுண்டா?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். யாரோ சொன்ன குரல் காதில் விழுந்தால் ‘ஆம்’ போட்டுவிடலாம்.

பிறகு அம்மா, அப்பா, பாட்டி என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டி உட்காரவைத்தால், குரல் உரத்தவரின் கதையே எல்லோருடைய கதையும் ஆகிவிடும். “கதவு பச்சைதானே?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும், “கதவு என்ன நிறம்?” என்று கேளுங்கள். உங்கள் தாளை அவர்கள் கண்ணில் காட்ட வேண்டாம்.

போட்டோவைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், அது ஞாபகத்தைக் கிளறுவதோடு நிற்காமல் புதிதாகவும் செய்துவிடும். உங்கள் மனதில் உள்ள காட்சி போட்டோ எடுத்தவர் நின்ற கோணத்திலேயே, அதே சட்டையோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். காட்சிக்குள் உங்களையே வெளியிலிருந்து பார்ப்பது போல் தோன்றினால் மட்டும் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். பழைய அசல் ஞாபகங்களும் அப்படி வருவதுண்டு. 1983-லேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. பிரசவம் நள்ளிரவில், உங்கள் ஞாபகத்திலோ ஜன்னலில் வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது முரண் இல்லை. ‘பிறந்த நாள்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் முதன்முதலில் பார்த்த நாளைத்தான்.

கேள்வி: தங்கையை முதலில் மடியில் வாங்கியது நான்தான் என்று நானும், தான்தான் என்று அண்ணனும் சாதிக்கிறோம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

பொய் இல்லைதான். ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்ததைப் பிற்பாடு தாமே செய்ததாக எடுத்துக்கொள்வது சகோதரர்களிடையே சகஜம். இரட்டையர்களிடம் இது அதிகம் என்று 2001-இல் ஓர் ஆய்வே வந்தது. இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். குழந்தையின் தலை எந்தக் கை மடிப்பில் இருந்தது, அது சுற்றியிருந்த துணி எப்படி உறுத்தியது என்று கைக்குத் தெரிந்ததைச் சொல்பவருக்குக் கொஞ்சம் கூடுதல் மார்க் போடலாம். தீர்ப்பு சொல்ல முடியாது.

கேள்வி: மூத்தவளுக்கு இரண்டரை வயது. அடுத்த மாதம் பிரசவம். இந்த நாள் அவள் மனதில் தங்க நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில் சொற்களைக் கொடுங்கள். 2002-இல் சிம்காக், ஹேன் இருவரும் பொம்மைகளைச் சின்னதாக்கும் ஒரு மாயப் பெட்டியைக் குழந்தைகளிடம் கொடுத்து விளையாடவிட்டார்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துக் கேட்டபோது, விளையாடிய அன்று தெரிந்திருந்த சொற்களிலேயே குழந்தைகள் சொன்னார்கள். நடுவில் கற்ற புதுச் சொல் எதையும் அந்தப் பழைய ஞாபகத்துக்குப் பயன்படுத்தவில்லை. ஆகவே கட்டில், தொட்டில், நர்ஸ், கொட்டாவி, ‘குட்டி விரல்’ எல்லாம் இந்த மாதமே அவள் வாயில் புழங்கட்டும்.

அன்று பத்துப் பேர் சூழ வேண்டாம். அவள் உள்ளே வரும்போது அம்மாவின் கை காலியாக இருக்கட்டும். குழந்தை தொட்டிலில் இருக்கட்டும். முதலில் மூத்தவள் மடியேறட்டும், பிறகு இருவருமாக எட்டிப் பார்க்கலாம். உட்காரவைத்து, கைக்கடியில் தலையணை வைத்து, தலையைப் பெரியவர் தாங்கிக்கொண்டு மடியில் கொடுங்கள்.

அன்றிரவே பேசுங்கள். “பாப்பா அழுதுச்சா?” என்றால் தலையாட்டலோடு முடிந்துவிடும். “பாப்பா என்ன பண்ணுச்சு?” என்று கேட்டுவிட்டு, பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். அவள் “கால்” என்றால், “ஆமாம், கால். கால் எப்படி இருந்துச்சு?” என்று அவள் சொன்னதிலிருந்தே நீட்டுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி, பிறகு மாதம் ஒருமுறை, மூன்று நான்கு நிமிஷம் போதும். ஐந்து வயதுக்குப் பிறகு நிறுத்திவிடாதீர்கள். மூன்று வயதில் பேசியதைக் குழந்தைகள் ஏழு வயதுவரை ஓரளவு வைத்திருந்து, எட்டு ஒன்பதில்தான் வேகமாக இழக்கிறார்கள் என்று 2014-இல் பவர், லார்கினா ஆய்வு காட்டியது.

அவள் சொன்னதைத் திருத்தாமல், மழலையோடு, தேதி போட்டு எழுதிவையுங்கள். நீங்கள் கேட்ட கேள்வியையும் அதே தாளில் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் எது அவள் சொன்னது, எது நீங்கள் ஊட்டியது என்று பின்னால் தெரியாது. விருந்தாளி வரும்போதெல்லாம் “சொல்லு, சொல்லு” என்று ஒப்பிக்கவிடுவதுதான் பெரிய கெடுதல். அப்படிச் செய்தால் நாளடைவில் பாடம் நிற்கும், பார்த்தது போய்விடும்.

கேள்வி: நான்கு வயது மகன், “நான்தான் பாப்பாவ வெளிய எடுத்தேன்” என்கிறான். அவன் ஆஸ்பத்திரிக்கே வரவில்லை. திருத்த வேண்டுமா?

வேண்டாம். கேட்டதையும் கண்டதையும் கற்பனையையும் பிரித்துவைக்க அந்த வயதில் கஷ்டம். “அப்போ நீ எங்க நின்னே?” என்று மட்டும் கேட்டு, வரும் பதிலை அப்படியே எழுதிக்கொண்டு, ஓரத்தில் ‘அன்று பாட்டி வீட்டில் இருந்தான்’ என்று பென்சிலால் குறித்துவிடுங்கள்.