ஸ்பிதிக்குப் பஸ்ஸில் – கடிதம்

வணக்கம் அண்ணா,

எனக்குத் தண்டையார்பேட்டை. நாங்கள் நான்கு பேர், சின்ன வயதிலிருந்து ஒரே தெரு, ஒரே கேரம் போர்டு. ஒருவன் காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்குப் போகிறான். ஒருவன் மணலியில் கன்டெய்னர் யார்டில் வேலை. நானும் இன்னொருவனும் பாரிமுனையில் கடை வேலை. செப்டம்பரில் இமாச்சலில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போக ஒரு வருடமாகக் காசு சேர்க்கிறோம். அரசு பஸ்ஸிலேயே போவதாகத் திட்டம். டெல்லியிலிருந்து மனாலி, அங்கிருந்து ஒரே நாளில் ஸ்பிதியின் பெரிய ஊரான காஜா என்றால் லீவு மிச்சமாகும் என்கிறான் நண்பன். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் நம்ம மணலிதான். "அவ்ளோ தூரம் பஸ்லயாடா" என்று பயப்படுகிறார். நீங்கள் இரண்டு முறை போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். பஸ் சரிப்படுமா? எந்த வழி நல்லது?

கே., தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

போங்கள். பஸ்ஸிலேயே போங்கள். ஆனால் மனாலி வழியாக ஏறாதீர்கள், சிம்லா வழியாக ஏறுங்கள். லீவு மிச்சமாகும் என்று உங்கள் நண்பன் சொல்வதைத்தான் 2014இல் நாங்களும் சொன்னோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்களும் நான்கு பேர். பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்று பேர், காசிமேட்டில் ஒருவன். மனாலியில் இருட்டோடு பஸ் ஏறினோம். ரோத்தங்குக்கு அடியில் போகும் அடல் சுரங்கம் திறந்தது 2020இல்தான். அதனால் அன்றைக்கு ரோத்தங் கணவாயில் ஏறி இறங்கி, மறுபடி குன்சும் கணவாயில் ஏறினோம். மனாலி ஏறக்குறைய 2,050 மீட்டர், குன்சும் 4,500 மீட்டருக்கும் மேலே. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பை ஒரே பகலில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினோம்.

பாத்தல் டீக்கடையிலேயே காசிமேட்டு நண்பன் "தல வலிக்குதுடா" என்றான். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கலாய்த்தோம். "கடல்ல அந்த ஆட்டம் ஆடுற, மலை ஆட்டம் தாங்கலையா" என்று கேட்டேன். சொன்னது நான்தான். அதற்கப்புறம் அவன் வாயே திறக்கவில்லை. குன்சும் உச்சியில் வழக்கப்படி டிரைவர் பஸ்ஸை தேவி கோயிலைச் சுற்றி ஓட்டினார். எல்லோரும் கைகூப்பினார்கள். அவன் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்குகிறான் என்று நினைத்தோம்.

ராத்திரி காஜாவில் தங்கிய வீட்டில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அவனை எழுப்பி, தரையில் இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த கோட்டைக் காட்டி, ஒரு காலின் விரலுக்கு முன்னால் மறு காலின் குதிகால் வருகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். அலையில் துள்ளுகிற போட்டின் விளிம்பில் கையை வீசிக்கொண்டு நடக்கிறவன் அவன். மூன்றாவது அடியில் சாய்ந்து சுவரைப் பிடித்தான். வீட்டுக்காரர் வேறெதுவும் கேட்கவில்லை, வண்டிச் சாவியை எடுத்தார். காஜா அரசு மருத்துவமனையில் விடியும்வரை ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். விடிந்ததும் ஜீப்பில் கீழே இறங்கினோம். தாபோவைத் தாண்டி ரெக்காங் பியோ வந்து சேர்ந்தபோது அவன் சாப்பாடு கேட்டான். நான் அழுதேன்.

காஜாவில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உயரத்தால் வரும் இந்த நோய்க்கும் உடல் பலத்துக்கும் சம்பந்தமில்லை. வலை இழுக்கிறவனுக்கும் வரும், வியாசர்பாடியில் தினமும் பந்து ஆடுகிறவனுக்கும் வரும். நம்ம பக்கத்தில் சிநேகிதம் என்றாலே கலாய்ப்புதான். அதில்தான் நாம் வளர்ந்தோம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உயரத்தில் கிண்டலுக்குப் பயந்து ஒருவன் தலைவலியை மறைத்தால் அது உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் சென்ட்ரலில் ரயில் ஏறும் முன்னாலேயே நால்வரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: யார் "முடியலை" என்றாலும் கிண்டல் கிடையாது, அன்றைக்கு அதற்கு மேலே ஏறுவது கிடையாது. தலைவலி, குமட்டல் என்றால் அங்கேயே தங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ ராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட்டு, கீழே இறங்கிவிடுங்கள். மேலே இருக்கும்வரை குடி வேண்டாம். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் அசிடஸோலமைட் மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

2017இல் அதே நண்பனோடு மறுபடி போனேன், சிம்லா வழியாக. கூப்பிட்டதே அவன்தான். ரெக்காங் பியோவுக்கு மேலே இருக்கும் கல்பாவில் (2,960 மீட்டர்) இரண்டு ராத்திரி. அப்புறம் தாபோவில் (3,280 மீட்டர்) இரண்டு ராத்திரி. அதற்கப்புறம்தான் காஜா. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 3,000 மீட்டருக்கு மேலே போனால், ராத்திரி படுக்கிற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பார்கள். இந்த வழியில் அது தானாகவே அமைந்துவிடுகிறது.

பியோவிலிருந்து காஜா பஸ் காலையிலேயே கிளம்பிவிடும். ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான், ஆனால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். முதல் நாள் மாலையே பஸ் நிலையத்தில் நேரம் கேட்டு வையுங்கள். கண்டக்டர் நம்ம எம்.டி.சி. கண்டக்டர் மாதிரியே விசில்தான் ஊதுவார். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு நம்ம ஊர் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது. ஒரு வளைவில் நிறுத்தி, காத்திருந்த கிழவியிடம் மருந்துப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். இன்னொரு இடத்தில் பள்ளிக்கூடப் பெஞ்சு ஒன்றைக் கூரையிலிருந்து இறக்கினார்கள். வாடகைக் காரில் போனால் இதெல்லாம் கண்ணிலேயே படாது. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. நம்ம எண்ணூரில் கொசஸ்தலை கடலுக்குப் போகிற முகத்துவாரத்தில் நின்று பழகியவர்கள் நாங்கள். இரண்டு பேரும் ஜன்னலில் தலையை நீட்டி, வாயடைத்துப் பார்த்தோம்.

நாக்கோ தாண்டி மலைச்சரிவில் கல் விழுந்து பஸ் இரண்டு மணி நேரம் நின்றது. யாரும் சத்தம் போடவில்லை. பக்கத்து சீட் அம்மா மடியிலிருந்து காய்ந்த சுல்லிப் பழம் எடுத்து நீட்டினார். அந்தப் பக்கத்து ஆப்ரிகாட், புளிப்பு கொஞ்சம் தூக்கல். கொட்டையையும் தூக்கிப் போடாதே, எண்ணெய் எடுப்போம் என்று சைகையில் சொன்னார்.

தாபோவில் அந்த இரண்டாவது நாளை வீண் என்று நினைக்காதீர்கள். 996ஆம் ஆண்டில் கட்டிய மடாலயம், வெறும் மண் சுவர். உள்ளே மேலிருந்து விழுகிற கொஞ்சம் வெளிச்சம்தான். நுழைந்ததும் எதுவுமே தெரியாது. பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். முதலில் ஒரு கை தெரியும், அப்புறம் முகம், அப்புறம் சுவர் முழுக்க ஓவியம். என் நண்பன் அன்றைக்கு மூன்று தடவை உள்ளே போய் வந்தான்.

மொத்தம் பதினைந்து நாள் வேண்டும். பன்னிரண்டுதான் கிடைக்கும் என்றால் காஜாவை விட்டுவிட்டுத் தாபோவோடு திரும்புங்கள், தயங்கவே வேண்டாம். திரும்பும்போது வேண்டுமானால் குன்சும் வழியாக மனாலிக்கு இறங்கலாம். அதற்குள் உடம்பு பழகியிருக்கும்.

அம்மாவிடம் எந்த ராத்திரி எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வழியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, எந்தெந்த நாள் போன் வராது என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். போன் வராது என்று முன்பே தெரிந்தால் அவர் அவ்வளவு தவிக்க மாட்டார்.

நேற்று உங்கள் கடிதத்தை நண்பனுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம காசிமேட்டுப் பையனா, எந்த போட்டு?" என்று கேட்டான். 2017இல் வாங்கிய கம்பளிக் கோட்டு பரணில் சும்மாத்தான் கிடக்கிறதாம். கிளம்பும் முன்னால் அந்தத் தம்பியை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னான்.