கேஸ் ஒர்க் சந்தேகங்கள்: கேளுங்கள், ஆனால் அசைன்மென்ட் எழுதித் தர மாட்டேன்

மருத்துவமனை சமூகப்பணியில் ரொம்ப வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேஸ் ஒர்க், அதாவது ஒரு ஆளையோ குடும்பத்தையோ தனித்தனியாகச் சந்தித்து உதவும் சமூகப்பணி முறை, அதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

தாம்பரம் மாணவி: மேடம், கேஸ் ஒர்க்கைத் தொடங்கியது மேரி ரிச்மண்ட் தானே?

பதில்: அவருக்கு முன்பே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. 1869இல் லண்டனில் தர்ம காரியங்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் வந்தது, 1877இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் அதே மாதிரி இன்னொன்று. ஒரே குடும்பம் நாலு இடத்தில் உதவி வாங்குகிறதா, யார் ‘தகுதியான’ ஏழை என்பதுதான் அவர்கள் கவலை. வசதியான வீட்டுப் பெண்கள் ஏழை வீடுகளுக்குப் போய் நல்ல புத்தி சொல்லிவிட்டு வருவார்கள். 1889இல் பால்டிமோர் சங்கத்தில் உதவிப் பொருளாளராகச் சேர்ந்த ரிச்மண்ட், நல்ல மனசு மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்று 1897இல் கேட்டார். அடுத்த வருஷமே நியூயார்க்கில் கோடைக்கால வகுப்பு தொடங்கிவிட்டது. யாரிடம் விசாரிப்பது, எந்தத் தகவலை எவ்வளவு நம்புவது என்பதையெல்லாம் முறைப்படுத்தியது 1917இல் வந்த அவருடைய ‘சோஷியல் டயக்னோசிஸ்’ புத்தகம். அந்தப் பழைய துப்பறியும் குணம் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. முதல் ஹோம் விசிட்டிலேயே ரேஷன் கார்டை எடு என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேளச்சேரி: பீஸ்டெக்கின் ஏழு கோட்பாடுகளை விளக்க முடியுமா?

பதில்: தனித்துவம், உணர்வைக் கொட்ட இடம் தருவது, கட்டுக்குள் உள்ள உணர்வு ஈடுபாடு, ஏற்பு, தீர்ப்பு சொல்லாமை, சுயமுடிவு, இரகசியம். இவர் சேசு சபைப் பாதிரியார், 1957இல் எழுதினார். பரீட்சைக்கு இது போதும். வேலைக்கு, சுயமுடிவைப் புரிந்துகொள்ளுங்கள். ‘உன் இஷ்டம்மா’ என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடுவது சுயமுடிவு இல்லை. குடிக்கிற கணவனிடமே திரும்பிப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவருக்கு என்னென்ன வழி இருக்கிறது, அங்கே போனபின் ஆபத்து வந்தால் பெண்கள் உதவி எண் 181க்கு எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் சொன்ன பிறகு அவர் எடுப்பதுதான் முடிவு. அப்புறம் ஒன்று, முதல் சந்திப்பிலேயே அறிவுரை சொல்லாதீர்கள்.

போரூர்: ஒரு குழந்தை ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்றால் என்ன செய்வது?

பதில்: அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ‘உன் பாதுகாப்புக்காகச் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குரோம்பேட்டை: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தால் சம்பளம் எவ்வளவு வரும்?

பதில்: அதை உங்கள் சீனியர்களிடம் கேளுங்கள்.

பெரும்பாக்கம்: அக்கா, ஆற்றோரத்தில் இருந்த எங்கள் வீட்டை இடித்துவிட்டு இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அப்பாவுக்குப் பழைய இடத்தில் இருந்த மூட்டை தூக்கும் வேலை போய்விட்டது, குடிக்க ஆரம்பித்தார். ஒரு சமூகப்பணியாளர் வந்து குடிக்கு கவுன்சலிங் கொடுத்தார். வேலைக்கு யார் கவுன்சலிங் கொடுப்பது?

பதில்: சரியான கேள்வி தம்பி. ஆளைத் திருத்தப் பார்க்கிறார்கள், அவர் சூழலை விட்டுவிடுகிறார்கள் என்று கேஸ் ஒர்க் மேல் இருக்கும் மிகப் பழைய குற்றச்சாட்டும் இதுதான். 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் தொடங்கிய ஜேன் ஆடம்ஸ் பக்கத்து ஆட்கள் வீடு, கூலி, தொழிற்சாலைச் சட்டம் என்று போராடினார்கள். ரிச்மண்ட், ஒவ்வொரு ஆளாகப் பார்க்கும் தன் வழியைச் சில்லறைச் சீர்திருத்தம் என்றார், சட்டத்தை மாற்றும் மொத்தச் சீர்திருத்தமும் இதுவும் சேர்ந்துதான் நடக்க வேண்டும் என்பது அவர் வாதம். உங்கள் அப்பா விஷயத்தில் சில்லறை மட்டும் நடந்திருக்கிறது.

அண்ணா நகர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ரிச்மண்டைத் தூக்கிப் பிடிக்காதீர்கள் மேடம், அரசு விதவைகளுக்கு உதவித்தொகை தருவதையே எதிர்த்தவர் அவர்!

பதில்: உண்மைதான். அதில் அவர் பக்கம் நான் இல்லை. பணம் தேவைப்படுகிறவருக்குப் பணம்தான் கொடுக்க வேண்டும்.

அண்ணா நகர்: அப்படியானால் கேஸ் ஒர்க் எதற்கு? பணத்தைக் கணக்கில் போட்டால் முடிந்ததே.

பதில்: முடியாது. கணவர் எங்கோ வெளியூரில் இறந்துபோய், இறப்புச் சான்றிதழே இல்லாத பெண்ணோடு தாலுகா ஆபீஸ் ஜன்னலில் நின்று பாருங்கள், சட்டம் அவருக்கும் சேர்த்துத்தான், ஆனால் பணம் வராது. அந்தச் சான்றிதழைத் தேடி அவரோடு அலைவது கேஸ் ஒர்க். அதே மாதிரி பத்துப் பேர் வந்து நின்றால் பத்துத் தனி ஃபைல் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, விதியை மாற்றச் சொல்லி மேலே எழுத வேண்டும். நம் ஆட்கள் ஃபைல் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள், அங்கேதான் உங்கள் கோபம் நியாயம்.

அண்ணா நகர்: எழுதினால் யார் படிக்கிறார்கள்?

பதில்: ஒரு ஆளின் புலம்பலைப் படிக்க மாட்டார்கள். தேதியோடு இருக்கும் ஐம்பது கேஸ் ரெக்கார்டைத் தள்ளுவது கொஞ்சம் கஷ்டம்.

ராயபுரம்: ஏழு கோட்பாடுகளை விளக்குங்களேன்?

பதில்: மேலே வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மேடவாக்கம்: மேடம், அந்த ஏழையும் பிடிஎஃப் ஆகப் போட முடியுமா?

பதில்: மாட்டேன். முதல் சந்திப்பில் அறிவுரை வேண்டாம், அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாக்கம் தம்பி, உங்கள் பிளாக்கில் இடம் மாறியதால் வேலை போனவர்கள் யார் யார், முன்பு என்ன வேலை, இப்போது அங்கே போய்வர பஸ்ஸுக்கு என்ன செலவு என்று, அவரவர் சம்மதம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு அதைத்தான் முதலில் எடுப்பேன்.