ஃபைபர் படகுக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேட்டவர் சொன்ன விவரம் இதுதான்: 18 அடி ஃபைபர் படகு, 9.9 எச்.பி. அவுட்போர்டு மோட்டார். முகத்துவாரத்தில் கட்டிப் போட்டிருக்கிறார். காலையில் போய்ப் பார்த்தால் தளத்துக்குக் கீழே, பின்பக்கமாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அடிப்பாகம் முழுக்கத் தடவிப் பார்த்தும் ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை.

நான் நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு பழுது பார்க்கிற வேலையில் இருப்பவன். பின்பக்கம் தண்ணீர் நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மோட்டார் எடைக்குப் படகு பின்னால் தாழ்ந்துதான் மிதக்கும். அணியத்தில், அதாவது முன்முனையில், நுழைந்த தண்ணீரும் தளத்துக்கு அடியில் ஓடிவந்து அங்கேதான் சேரும்.

ஓட்டையைத் தேடுவதற்கு முன்னால், அது என்ன தண்ணீர், எப்போது வருகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் காய வையுங்கள். வெள்ளையாக உப்புப் படிந்தால் வெளியே இருக்கிற தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. தட்டு கிட்டத்தட்ட சுத்தமாக இருந்தால் அது பெரும்பாலும் மழைத் தண்ணீர். உங்கள் அளவுப் படகு மேலே திறந்து கிடந்தால் 5 செ.மீ. மழைக்கே சுமார் 300 லிட்டர் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இதைப் பார்த்துப் பயந்துபோய் அடிப்பாகத்தைச் சுரண்டித் தள்ளுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது ஒரு நல்ல தார்ப்பாய்தான்.

உப்புத் தண்ணீர்தான் என்றால் அடுத்த கேள்வி, எப்போது வருகிறது? படகைத் துடைத்துக் காயவைத்து, சும்மா கட்டி வைத்து ஓர் இரவு பாருங்கள். அப்போதும் வந்தால் வழி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஓட்டும்போது மட்டும் வந்தால், அல்லது ஆளும் வலையும் ஏறின பிறகு மட்டும் வந்தால், நீர்மட்டத்துக்கு மேலே தேட வேண்டும். இதைப் பிரிக்காமல் தேடினால் பல நாள் வீணாகப் போகும்.

சின்ன ஓட்டைதானே என்று விடாதீர்கள். நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. கீழே 3 மி.மீ. துளை ஒன்று இருந்தால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 30 லிட்டர் உள்ளே வரும். ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டிப் போட்ட படகு உட்கார்ந்துவிட்டால் மோட்டாரும் போச்சு, தொழிலும் போச்சு.

கட்டி வைத்தபோதே வருகிறது என்றால், படகைக் கரையேற்றி, தண்ணீரை உள்ளே ஊற்றி வெளியே பாருங்கள். மோட்டார், பேட்டரி, பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். அடியில் நீளவாக்கில் மணல் மூட்டையோ பழைய டயரோ கொடுத்துத் தாங்க வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது நினைவில் இருக்கட்டும். ஒரு சாண் உயரம் ஊற்றினால் அரை டன்னைத் தாண்டிவிடும், வெறும் இரண்டு கட்டையில் நிற்கிற படகு அந்த எடைக்கே வெடிப்பு விடும். அரைச் சாண் போதும். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கேசரி பவுடர் கலந்துவிடுங்கள். வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தடவுங்கள். ஒழுகுகிற இடத்தில் பவுடர் முதலில் கறுக்கும், அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு இறங்கும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் வழி. சொட்டு விழுகிற இடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவசரமும் வேண்டாம், சில வெடிப்புகள் கசியவே மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

எங்கே முதலில் பார்ப்பது? வடிகால் பிளக். அதன் வாஷர் வெயிலில் காய்ந்து கெட்டியாகியிருக்கும், அல்லது மரையில் மணல் சிக்கியிருக்கும். பிளக் சரியாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள பித்தளை வளையத்துக்கும் ஃபைபருக்கும் நடுவே கசியலாம். அடுத்தது ஏரா, அதாவது படகின் அடியில் நடுவே நீளமாக ஓடுகிற முதுகுப் பகுதி. டிராக்டர் வைத்து மணலில் இழுத்து ஏற்றுகிற ஊர்களில் ஏராவின் பின்முனைதான் முதலில் தேயும். ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சு போய், உள்ளே இருக்கிற மேட் (கண்ணாடி நார் விரிப்பு) நார் முடிமுடியாக வெளியே தெரிந்தால் அந்த வழியாக உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

மோட்டார் மாட்டுகிற பின்பலகையைத்தான் நான் எப்போதும் கூடுதல் நேரம் பார்ப்பேன். வெளியே ஃபைபர் தெரிந்தாலும் பெரும்பாலான படகுகளில் அதற்குள் ப்ளைவுட் இருக்கிறது. மோட்டாரைப் பிடித்திருக்கிற போல்ட் துளைகளில் சீலன்ட் போனால் தண்ணீர் அந்த ப்ளைவுட்டுக்குள் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே மரம் ஊறி மக்கிக்கொண்டிருக்கும். சோதிக்க ஒரு வழி: போல்ட்டைக் கால் சுற்று முறுக்கிப் பாருங்கள். காப்பி நிறத்தில் தண்ணீர் பிதுங்கினால் விஷயம் முற்றிவிட்டது. இன்னொன்று, மோட்டாரை மாட்டி, பாதி தூக்கிவைத்து, அதன் கீழ்ப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால், மூலைகளில் மெல்லிய வெடிப்பு திறந்து மூடினால், கடலுக்குப் போகாதீர்கள். உறுதிப்படுத்த உள்பக்கமிருந்து 4 மி.மீ. துளை ஒன்று போட்டால் போதும். உலர்ந்த வெளிர் தூள் வந்தால் பிழைத்தோம். ஈரமாக, கறுப்பாக, புளித்த வாடையோடு வந்தால் பலகையையே மாற்ற வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் அவசரத்தில் கட்டிய படகுகளில் சில மேட் அடுக்குக் குறைவாகவே கட்டப்பட்டவை. அப்படி ஒரு பழைய படகை வாங்கியிருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

ஓட்டும்போது மட்டும் வருகிற தண்ணீருக்குப் பக்கவாட்டில் ஓடுகிற ரப்பர் பட்டையைப் பாருங்கள். மேல்தளமும் அடிப்பாகமும் சேருகிற இடத்தை மறைக்கத்தான் அந்தப் பட்டை. அதன் ஸ்குரூக்கள் தளர்ந்தால் அலை அடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே படுத்திருக்க, இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். கீழிருந்து மேலாக, ஓரடி ஓரடியாக நகர்த்துங்கள். மேலிருந்து பிடித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எது எதுவென்று தெரியாமல் போகும். தண்ணீர் இறைக்கிற பம்பின் வெளிக்குழாயையும் பாருங்கள். பாரம் ஏறும்போது அதன் வாய் தண்ணீருக்குள் போனால் பம்பு நின்றதும் அதே வழியில் திரும்பி வரும்.

படகைக் கரையேற்றிச் சில நாள் ஆகியும் தளத்தின் ஓரத்தில் ஈரம் கசிந்துகொண்டே இருக்கிறதா? அப்படியானால் மிதப்புக்கு வைத்த தெர்மாகோல் அறைக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதைத் திறந்து வடித்துக் காயவைக்காமல் வெளியே என்ன பூசினாலும் பயனில்லை.

பழுது பார்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்-சீல் மாதிரிப் பசை அன்றைக்குக் கரை சேரத்தான். ஜெல்கோட்டைத் தேய்த்து எடுத்து, வெடிப்பைச் சுற்றிச் சரிவாக அரைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவிட்டு மேட்டும், அதை இறுக்கிப் பிடிக்கிற பிசினான ரெசினும் போட வேண்டும். ஈரத்தின் மேல் போட்ட ரெசின் பிடிக்காது. போல்ட் துளைகளுக்கு பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற சிலிக்கான் வேண்டாம், அது ஒட்டியிருந்த இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. ஜெல்கோட் பூசுவதற்கு முன்னால் அதே கேசரி பவுடர் தண்ணீரை ஊற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் எங்கும் நிறம் இறங்கவில்லை என்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் காயவைத்து ஜெல்கோட் பூசலாம்.