அம்மா கேட்கும்போது மௌனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாக ஞாயிறுதோறும் மௌன விரதம் இருக்கிறேன். சென்ற வாரம், கண்பார்வை மங்கிய என் அம்மா, "நான் மாத்திரை போட்டுக்கொண்டேனா?" என்று கேட்டார். கையை அசைத்துக் காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மனைவி ஓடிவந்து பதில் சொன்னார். அழைத்துப்போக வந்த தாயிடம் ரமணரும் பேசவில்லையே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மனம் ஆறவில்லை. போதாக்குறைக்கு, பேசாத நாளில்தான் உள்ளே இரைச்சல் அதிகமாக இருக்கிறது. விரதத்தைத் தொடர்வதா, விட்டுவிடுவதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தொடருங்கள். ஆனால் அம்மா கேட்டால் பதில் சொல்லிவிடுங்கள். அதனால் விரதம் முறிந்தால் முறியட்டும்.

ரமணரைத் துணைக்கு அழைத்திருக்க வேண்டாம். 1898-இல் தாய் அழகம்மாள் திருவண்ணாமலைக்கு வந்து மன்றாடியபோது அவர் பேசவில்லை என்பது உண்மை. அருகிலிருந்தவர்கள் வற்புறுத்திய பிறகு, நடப்பது நடந்தே தீரும், ஆகவே மௌனமே நல்லது என்ற பொருள்பட எழுதிக் கொடுத்தார். ஆனால் அது கிழமை பார்த்து எடுத்த விரதமன்று. பேசத் தோன்றவில்லை, பேசவில்லை. பின்னாளில் வந்தவர்களோடு இயல்பாக உரையாடினார். அதே தாய் 1916-இல் மகனிடமே வந்து சேர்ந்தார். 1922-இல் அவர் உயிர் பிரியும்வரை ரமணர் பக்கத்திலேயே அமர்ந்து, ஒரு கையை அவர் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்திருந்தார். நமக்கு வசதியாக இருப்பதால் முற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

உங்களுக்குப் பொருந்தக்கூடியவர் காந்தி. திங்கட்கிழமைகளில் அவர் பேசுவதில்லை. 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. தேசத்தின் தலையெழுத்தே மாறவிருந்த அந்த நாளில் வைஸ்ராய் மவுண்ட்பேட்டனைச் சந்தித்தபோதும், பழைய உறைகளின் பின்பக்கத்தில் எழுதித்தான் பதிலளித்தார். அதில் ஒரு விஷயம் சொல்கிறார்: விரதம் மேற்கொண்டபோதே இரண்டு விலக்குகளை வைத்துக்கொண்டாராம். அவசர விஷயமானால் உயர் பொறுப்பில் இருப்பவர்களிடம் பேசலாம். நோயாளிகளைக் கவனிக்கும்போது பேசலாம். வைஸ்ராய்க்குரிய விலக்கை அன்று அவர் பயன்படுத்தவில்லை. ஆனால் நோயாளியையும் வைஸ்ராயையும் ஒரே வரியில் வைத்திருந்தார், பாருங்கள். உங்கள் விரதத்திலும் அப்படி ஒரு விலக்கு முதல் நாளே இருந்திருக்க வேண்டும்.

உள்ளிரைச்சலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது புதிதாக வந்ததன்று. இத்தனை நாளும் பேச்சாக வெளியேறிக்கொண்டிருந்தது, இப்போது காதில் விழுகிறது. கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். பெரும்பகுதி, எதிரில் இல்லாத ஒருவரோடு நடத்தும் வாதமாக இருக்கும்: நேற்று மேலதிகாரியிடம் சொல்லாமல் விட்ட பதில், நாளை தம்பியிடம் சொல்லப்போகும் சமாதானம். அந்த வழக்குகளில் வக்கீலும் நாமே, நீதிபதியும் நாமே. தீர்ப்பு ஒருநாளும் நமக்கு எதிராக வராது. அதை அடக்க முயன்றால் இன்னொரு வாதம் தொடங்கும். யாரோடு வாதாடுகிறோம், எத்தனை முறை அதே ஆளோடு, என்று மட்டும் கவனியுங்கள். ஆன்மிகம் என்று நான் எதையாவது சொல்வதென்றால் இந்தக் கவனிப்பைத்தான் சொல்வேன். பேசாத நாளில் இதற்கு அவகாசம் கிடைக்கிறது. அன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சளைக்காமல் பதில் அனுப்புகிறவர்களை அறிவேன். அவர்களுக்குத் தொண்டைக்கு மட்டும் விடுமுறை.

நீங்கள் கேட்காத ஒன்று. வீட்டில் ஒருவர் மௌனம் காத்தால், அவருடைய சைகைகளுக்குப் பொருள் சொல்லும் வேலை மற்றவர்கள் தலையில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் மனைவிக்கு எவ்வளவு வேலை கூடுகிறது என்று அவரிடமே கேளுங்கள். திங்கட்கிழமை கேட்டால் போதும்.

மற்ற ஆறு நாட்களுக்கும் ஒரு பயிற்சி. அம்மா பழைய கதையை மறுபடி ஆரம்பிக்கும்போது, "இதைத்தான் நேற்றே சொன்னீர்களே" என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். அதை விழுங்கிப் பாருங்கள். நாள் முழுவதும் வாயை மூடியிருப்பதைவிட இது கடினம். ஞாயிறு மௌனத்தைக் காலையில் இரண்டு மணி நேரமாகச் சுருக்கிக்கொண்டாலும் குறையொன்றும் இல்லை. மாத்திரை வேளைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அன்புடன்