வெண்கலத்தை ஒரு நாடே கொண்டாடுவது ஏன்?

கூடைப்பந்தில் வென்ற வெண்கலத்தை லிதுவேனியர்கள் இன்றும் கொண்டாடுவது ஏன் என்று தருமபுரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் சபோனிஸ் முதலிய லிதுவேனிய வீரர்கள் தங்கம் வென்றபோது ஏற்றப்பட்டது சோவியத் கொடி; லிதுவேனியா அப்போது சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்தது. 1990-இல் விடுதலையை அறிவித்த அந்நாடு, 1992 பார்சிலோனாவில் முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணியை 82-78 என வீழ்த்தி வெண்கலம் பெற்றபோது, தன் சொந்தக் கொடி ஏறுவதைக் கண்டது; எதிரணி யார் என்பதே அவ்வெற்றிக்குப் பாதி மதிப்பு. பரிசு மேடையில் வீரர்கள் அணிந்திருந்த மஞ்சள், பச்சை, சிவப்புச் சாயப் பனியன்கள் (சற்றே கண்கூசும் வண்ணங்கள்தாம்) பதக்கத்துக்கு இணையாகப் புகழ்பெற்றன. 2011-இல் பிறந்த தெற்கு சூடான் 2024 பாரிஸில் போர்ட்டோ ரிக்கோவை வென்றதும் இவ்வகையே. இந்தியாவோ 1980 மாஸ்கோவுக்குப் பின் ஒலிம்பிக் கூடைப்பந்தில் ஆடியதில்லை. ஆதலால், பள்ளித் திடலில் வலையறுந்த வளையத்துக்குப் பந்தெறியும் தருமபுரிப் பிள்ளைகளுக்கு இவ்வுணர்வு கிரிக்கெட் வழியாகவே பழக்கம்.