படுக்கையில் புரண்டாலே தலைசுற்றி வாந்தி வருவது எதனால்?

"அம்மாவுக்கு வயது 58. காலையில் எழும்போது தலைசுற்றி வாந்தி வருகிறது. பித்தமா, பிரஷரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இஞ்சிச் சாறு கொடுப்பதற்கு முன்னால் அம்மாவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: எதைச் செய்தால் சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது? பாதி நோய் அதிலேயே பிடிபட்டுவிடும்.

புரண்டு படுத்தாலோ அண்ணாந்து பரணைப் பார்த்தாலோ வீடே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது என்றால் முதல் சந்தேகம் உள்காதின் மேல்தான். அங்கே கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் உண்டு. அவை இடம் பெயர்ந்து, தலை சுழல்வதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை அசையும்போதெல்லாம் உள்ளே இருக்கும் திரவத்தைத் தள்ளும். உடம்பு சுழல்வதாகக் காது சொல்லும், இல்லை என்று கண் சொல்லும். குமட்டல் அதனால்தான்.

என் அம்மாவுக்கும் இதுதான். பிரஷர், சுகர், கழுத்து எக்ஸ்ரே எல்லாம் பார்த்த பிறகுதான் ஈ.என்.டி. மருத்துவரிடம் போனோம். அவர் அம்மாவின் தலையை வலப்பக்கம் திருப்பி, கட்டில் விளிம்புக்குக் கீழே தொங்கும்படி சட்டென்று மல்லாத்தினார். சில நொடிகளில் அம்மாவின் கருவிழிகள் தாமாகவே துடித்தன. அப்படியே தலையை இடப்பக்கம் திருப்பி, ஒருக்களிக்க வைத்து, மெல்ல எழுப்பி உட்காரவைத்தார். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி 1992இல் வெளியிட்ட முறை இது. துகள்களைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடும். அம்மாவுக்கு அன்றைக்கே பெருமளவு குறைந்தது. எந்தக் காது என்று தெரியாமல் யூடியூப் பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம்.

மணிக்கணக்கில் சுற்றி, காது அடைத்து, இரைச்சலோடு செவியும் மந்தமானால் மெனியர் என்ற உள்காது நோயாக இருக்கலாம். சளி, காய்ச்சலுக்குப் பிறகு நாள்கணக்கில் எழவே முடியாமல் சுற்றினால் உள்காது நரம்பின் அழற்சி. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலை வலிக்காமலேயே சுற்றல் மட்டும் வரலாம். எழுந்து நின்றால் கண் இருட்டி, படுத்தால் தெளிந்தால் பிரஷர் இறங்குகிறதா பாருங்கள். பிரஷர் மாத்திரையே காரணமாகவும் இருக்கும். சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலும் இப்படி வரும்.

சின்னரிசைன் போன்ற மாத்திரைகள் முதல் சில நாளுக்கு உதவும். மாதக்கணக்கில் போட்டால் மூளை தானாகச் சமாளிக்கப் பழகுவதைத் தாமதப்படுத்தும்.

பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, முகமோ கைகாலோ ஒருபக்கம் மரத்தாலோ, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் சாய்ந்தாலோ தயவுசெய்து ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். சிறுமூளைப் பக்கவாதம் ஆரம்பத்தில் சி.டி. ஸ்கேனில் தெரியாமல் போவது உண்டு. ஸ்கேன் நார்மல் என்று சொல்லியும் அம்மாவால் நடக்க முடியவில்லை என்றால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களே கேளுங்கள்.