வைபி எஞ்சின் கிட்: சக்கரம் சிக்குவது ஏன்?

நண்பரே, பித்தளை கிட்டில் வைபி (YP, மீட்டர் கேஜ் ரயில்) நீராவி எஞ்சின் மாடல் கட்டுகையில், சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் இணைப்புத் தண்டு மாட்டியதும் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் ஒரே இடத்தில் சிக்குகிறது என்கிறீர்கள். மோட்டார் மேல் தப்பில்லை, புதுசு வாங்க வேண்டாம். மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒரு பக்கத் தண்டை மட்டும் மாட்டிக் கையால் உருட்டுங்கள்.

அப்போதே சிக்கினால் தண்டின் துளைகளும் அச்சுகளின் இடைவெளியும் பொருந்தவில்லை. துளையை உருண்டை அரத்தால் துளித்துளியாகப் பெரிதாக்குங்கள். மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப்பட்டறைச் சாமான் கடைகளில் நல்ல சன்ன அரம் கிடைக்கும். ஹார்டுவேர் கடை அரம் முரடு.

ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக மாட்டினால் ஓடி, இரண்டு பக்கமும் மாட்டினால்தான் சிக்குகிறதா? அப்படியென்றால் கோணம்தான். இடது வலது கிராங்குகளுக்கிடையே (சக்கரத்தில் தண்டு மாட்டும் இடங்கள்) 90 டிகிரி என்பார்கள். கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் ஓடும், ஆனால் மூன்று அச்சிலும் ஒரே கோணம் வேண்டும். நடு அச்சை அப்படியே வைத்து மற்ற இரண்டு அச்சிலும் சக்கரத்தை அதற்கேற்பத் திருப்புங்கள். அப்புறம் மோட்டாரை மாட்டலாம்.